கிழக்குப் பக்கத்து எல்மரின் தீர்ப்பு

எல்மர் நேமெத்தின் முகம் டொலீடோவில் அதிகம் பேருக்குத் தெரியாது. ஆனால் அவர் வாயைத் திறந்தால் போதும், பெட்ரோல் போடுகிற பையன்கூடத் திரும்பிப் பார்த்து, "கோச்சைத் தூக்கணும்னு ரேடியோவுல கத்துவீங்களே, அந்த ஆள்தானே?" என்று கேட்பான். எல்மர் கூச்சப்படுவார். கத்துவதாக அவருக்கு நினைப்பே கிடையாது. நியாயம் பேசுவதாகத்தான் நினைப்பு.

அந்தக் குரலை ஊர் கேட்பதற்கு முன்னால் கேட்டவள் நான். எண்பதுகளில் ரேடியோ நிலையத்தில் போன் எடுக்கிற வேலை எனக்கு. கூடைப்பந்து சீசனில், ஆட்டம் இல்லாத மாலைகளில், ஆறு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ரசிகர்கள் கூப்பிட்டுப் பேசுவார்கள். பேரும் பேட்டையும் கேட்டு, குடித்திருக்கிறார்களா என்று குரலை வைத்து மோப்பம் பிடித்து, தேறுகிறவர்களை விக் டெலானியிடம் தள்ளிவிடுவேன். விக்தான் நிகழ்ச்சியை நடத்துகிறவன். அவன் குரலுக்கு ஊரில் பாதிப் பேர் ரசிகர்கள், மீதிப் பாதி அவனே.

இப்போது எல்லோரும் கையில் இருக்கிற போனில் கட்டைவிரலால் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். பேரில்லை, பேட்டையில்லை. அன்றைக்கு ஒரு கோச்சைத் திட்ட வேண்டுமென்றால் லைன் கிடைக்கிற வரைக்கும் காத்திருந்து, சொந்தக் குரலில், சொந்தப் பேரைச் சொல்லித் திட்ட வேண்டும். அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஊரின் கிழக்குப் பக்கத்து ஆளான எல்மர் ரொட்டி லாரி ஓட்டினார். கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து, கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டு, மத்தியானம் வீடு வந்துவிடுவார். மனைவி ஐரீன் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. மகள் அரிசோனாவில், கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு போடுவாள். மாலையில் அடுப்பில் மிளகாய்ப்பொடி போட்ட கோழிக் குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு எங்களைக் கூப்பிடுவார். போனுக்குள் குழம்பு கொதிப்பதுகூடக் கேட்கும். பேசி முடித்து, சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுத்துவிடுவார். அன்றைய தினம் அவர் வாய்விட்டுப் பேசிய பேச்சு பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இதை அவர் சொன்னதில்லை, எனக்குப் புரியும்.

எங்கள் அணிக்கு ஸ்டோக்கர்ஸ் என்று பேர். எங்கள் ஊர்க் கண்ணாடி உலைகளுக்குக் கரி தள்ளின ஆட்களின் ஞாபகமாக வைத்தது. அந்தச் சமயம் அணியில் நெருப்பும் இல்லை, கரியும் இல்லை. அணியின் முதலாளி பழைய ஆட்டக்காரர்களையெல்லாம் விற்றுத் தீர்த்துவிட்டு, மீசை முளைக்காத பையன்களை வாங்கிப் போட்டு, "அணியை அடியிலேர்ந்து கட்டி எழுப்பறோம், பொறுமையா இருங்க" என்று சொல்லிவிட்டார். பொறுமையாக இருக்கச் சொல்கிறவர் டிக்கெட் விலையை மட்டும் பொறுக்காமல் ஏற்றினார். கோச்சாக ரேமண்ட் டில்மன் என்று ஒருவர் வந்தார். நாற்பது வயது, அதிர்ந்து பேசாத மனிதர், முகத்தில் சிரிப்பே கிடையாது.

தோற்றார்கள், தோற்றார்கள், அப்படித் தோற்றார்கள். இளம் அணி தோற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தோற்கிற அணியின் கோச் நல்லவரா கெட்டவரா என்று எதை வைத்துச் சொல்வது? ஜெயித்த கணக்கை வைத்துச் சொல்ல முடியாதே. அங்கேதான் எல்மர் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். மற்றவர்கள் "தோத்துட்டான், தூக்கு" என்பார்கள். எல்மர் காரணம் சொல்லித் தூக்கச் சொல்வார்.

"அந்த நெட்டைப் பையன் டோனல் பிக்ஸ் இருக்கானே, விக், அவன் ஒரு தப்புப் பண்ணா உடனே வெளியே இழுத்து உட்கார வைக்கிறாரு. இப்ப அந்தப் பையன் பந்தைப் பாத்து ஆடலை, கோச்சைப் பாத்து ஆடுறான். இருபது வயசுப் பையனைப் பயமுறுத்தி வளக்க முடியுமாய்யா?"

இதைச் சொன்ன அன்றைக்குத்தான் அடுத்த லைனில் ஒடெஸ்ஸா வந்தாள்.

பகலில் எங்கள் ரேடியோ பக்கத்து ஊரோடு நின்றுவிடும். பொழுது சாய்ந்தால் மாநிலம் மாநிலமாகத் தாண்டிப் போகும். அது ஏன் என்று எங்கள் என்ஜினீயர் பலமுறை விளக்கியிருக்கிறார், என் மண்டையில் ஏறவில்லை. "பேரு ஒடெஸ்ஸா, கண்ணு. ஜார்ஜியாவுலேர்ந்து பேசறேன். இப்பப் பேசினாரே அந்த மிஸ்டர் எல்மர், அவருக்குப் பதில் சொல்லணும்" என்றாள். வயதான குரல், அவசரமில்லாத குரல். ஜார்ஜியாவிலிருந்து வெளியூர்க் கட்டணம் கட்டி எங்கள் உதவாக்கரை அணியைப் பற்றிப் பேச ஒருத்தியா என்று வியந்துகொண்டே, எல்மரையும் லைனில் வைத்துக்கொண்டு, அவளை உள்ளே அனுப்பினேன்.

"மிஸ்டர் எல்மர், நீங்க புள்ளை வளத்திருக்கீங்களா?" என்றாள்.

"ஒரு பொண்ணு, அம்மா."

"தப்புப் பண்ணா அந்தச் சூட்டோட கூப்பிட்டுச் சொல்லணுமா, ஆறிப்போன பெறகு சொல்லணுமா? அந்தக் கோச்சு அவனைத் தண்டிக்கலை. பக்கத்துல உட்கார வச்சுக் காதுல சொல்லிக் குடுக்கறாரு."

"காதுல சொல்றதை ராத்திரி சாப்பாட்டு மேஜையில சொல்லட்டும். ஆட்டத்துக்கு நடுவுல ஊரே பாக்க இழுத்தா, அது பாடம் இல்லை அம்மா, அவமானம்."

விக்குக்குக் கொண்டாட்டம். அன்றிலிருந்து இரண்டு பேரையும் ஒன்றாக லைனில் போடச் சொன்னான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் சண்டை போட்டார்கள். மரியாதை குறையாத சண்டை. அவள் அவரை மிஸ்டர் எல்மர் என்பாள், அவர் அவளை அம்மா என்பார், அதற்கு நடுவில் ஒருவர் வாதத்தை ஒருவர் கிழித்துத் தொங்கப் போடுவார்கள். சில நாள் அவள் லைன் கிடைக்கத் தாமதமானால் எல்மர் என்னிடம், "ஜார்ஜியா வரலையா ஜீன்? குழம்பு தீயற வரைக்கும் காத்திருக்கேன்" என்பார்.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. டோனல் பிக்ஸ் ஒரு ஆட்டத்தில் வரிசையாகப் பந்தைக் கோட்டை விட்டான். கோச் அசையவில்லை. பையனை ஆடவிட்டார். கடைசியில் அந்தப் பையன்தான் ஜெயித்துக் கொடுத்தான். எல்மர் மறுநாள் போனில், "நான் சொன்னது அவர் காதுல விழுந்த மாதிரியில்ல இருக்கு" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். ஒடெஸ்ஸா, "விழுந்திருக்கும், விழுந்திருக்கும்" என்றாள். நான் ஒன்றும் சந்தேகப்படவில்லை. அவ்வளவு சமர்த்து நான்.

உண்மை வெளியே வந்தது பிப்ரவரியில். விக் சும்மா இருக்காமல், "இந்த ஆள் ஜெயிச்சாலும் சிரிக்க மாட்டேங்கிறாரே, மூஞ்சிக்குச் சிமென்ட் பூசினாங்களா?" என்று கேலி பண்ணினான். லைனில் இருந்த ஒடெஸ்ஸாவுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"பன்னெண்டு வயசுல பந்து பட்டு ரேமண்டுக்கு முன்பல்லு ரெண்டும் போச்சு. பல்லு கட்ட எங்கிட்டக் காசில்லை. அப்போலேர்ந்து வாயைத் திறந்து சிரிக்க மாட்டான். நீங்க கேலி பண்ணாதீங்க."

ரேடியோவில் மௌனம் என்பது பெரிய குற்றம். அன்றைக்கு விக்கே அந்தக் குற்றத்தைச் செய்தான். குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டும் ஆறேழு மாநிலத்துக்கும் போய்க்கொண்டிருந்தது.

எல்மர்தான் கேட்டார். "அம்மா, உங்க மகனா?"

"ஆமா."

"இத்தனை நாள் நான் பேசினதெல்லாம்..."

"எல்லாத்தையும் ஞாயித்துக்கிழமை அவன் போன் பண்றப்ப அவன்கிட்ட சொன்னேன். நெட்டைப் பையனை வெளிய இழுக்காதேன்னு நீங்க சொன்னதையும்தான்."

விக் சுதாரித்துக்கொண்டான். அவனுக்கு இது தங்கச் சுரங்கம். மார்ச் மாதக் கடைசியில் முதலாளி கோச்சை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வதாகப் பேச்சு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ரேடியோவில் ஊரின் தீர்ப்பு என்று அறிவித்துவிட்டான். எல்லோரும் பேசின பிறகு கடைசியில் எல்மர், எதிர் லைனில் கோச்சின் அம்மா. கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது அநியாயம் என்று விக்கின் மூஞ்சிக்கு நேராகச் சொன்னேன், அந்த மூஞ்சியில் ஒரு சலனமும் இல்லை.

வியாழக்கிழமை நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் எல்மர் என்னைக் கூப்பிட்டார்.

"ஜீன், நான் என்ன சொல்லட்டும்?"

"நினைக்கிறதைச் சொல்லுங்க."

"நினைக்கிறதைச் சொன்னா அந்தம்மா அப்பறம் லைனுக்கு வருவாங்களா?"

"வர மாட்டாங்க. எந்தப் பெத்தவ வருவா?"

குழம்பைக் கிளறுகிற சத்தம் கேட்டது. "ஐரீன் போனப்பறம் எங்கிட்ட எதிர்த்துப் பேசின ஒரே ஆளு அவங்கதான்" என்றார். குழம்பைப் பாருங்கள் என்று ஏதோ சொல்லிப் போனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஊர் முழுக்கக் கூப்பிட்டது. வை என்று பாதி, தூக்கு என்று பாதி. கடைசியில் எல்மர் வந்தார். அவர் குரல் அன்றைக்கு வழவழவென்று இருந்தது.

"இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்னு தோணுது. பசங்க சின்னப் பசங்க. நல்ல மனுஷன். அவசரப்பட வேண்டாம்."

விக்குக்கு வாய் திறந்தது திறந்தபடி. ஒடெஸ்ஸா அமைதியாகக் கேட்டாள்.

"மிஸ்டர் எல்மர், நீங்க பொய் சொல்றீங்க."

"இல்லை, அம்மா."

"எங்க சர்ச்சுல எல்லாரும் எங்கிட்ட உங்க மகன் மாதிரி உண்டான்னுதான் சொல்றாங்க. அவன் முதலாளியும் அவன்கிட்ட அப்படித்தான் சொல்றாராம். அவனுக்குத் தூக்கம் வரலை. என்ன தப்புப் பண்றோம்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருக்கான். அவனைப் பத்தி உள்ளதைச் சொல்றவர் நீங்க ஒருத்தர்தான். நான் வேற எதுக்குங்க இத்தனை நாளா உங்களைக் கூப்பிட்டேன்?"

எல்மர் பெருமூச்சு விட்டது எனக்கு ஹெட்போனில் கேட்டது. பிறகு பழைய குரலில் பேசினார்.

"சீசன் ஆரம்பத்துல பந்தைத் தொடவே பயந்த பசங்க இப்பக் கேட்டு வாங்கறாங்க. அதுல உங்க மகனை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா ஆட்டம் இழுபறியில இருக்கறப்ப, கடைசி ரெண்டு நிமிஷம், அவர் பசங்களைப் பாக்கறதில்லை, ஸ்கோர் போர்டைப் பாக்கறாரு. தோத்துருவோம்னு அவர் மூஞ்சியிலேயே எழுதியிருக்கு. அதைப் படிச்சுட்டு இவனுங்களும் தோக்கறானுங்க. நடக்கக் கத்துக் குடுத்துட்டாரு. ஓடறதுக்கு வேற ஆள் வேணும். அனுப்பிடணும், அம்மா."

ஒடெஸ்ஸா, "சின்னதுலேர்ந்தே அவனுக்குத் தோக்கப் பயம்" என்றாள். "சொல்றேன் அவன்கிட்ட. நன்றி, மிஸ்டர் எல்மர்." லைன் அறுந்தது. எல்மர் போனை வைக்கவில்லை. விக் விளம்பரத்துக்குப் போய்விட்டான். விளம்பரம் முடிகிற வரைக்கும் அவர் மூச்சு மட்டும் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

முதலாளி ரேமண்ட் டில்மனை அனுப்பிவிட்டார். அந்த முதலாளி எங்கள் ரேடியோவைக் கேட்கிற ஆளே இல்லை, எப்போதோ முடிவெடுத்திருப்பார். எல்மரிடம் இதை யார் சொல்வது? அடுத்த சீசன் தொடங்கியது, புதுக் கோச் வந்தார், எல்மர் கூப்பிடவில்லை. அவர் குரலில் மிமிக்ரி பண்ணி ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். ஒருத்தனிடமும் குழம்புச் சத்தம் இல்லை, வைத்துவிட்டேன். ஒரு நாள் கடையில் எல்மர் ரொட்டி இறக்கும்போது பிடித்துக் கேட்டேன். "ஒரு அம்மாகிட்ட அவங்க புள்ளையை அனுப்புன்னு சொன்ன வாய் இது. போதும் ஜீன்" என்றார்.

டிசம்பரில் ஒரு மாலை, "கண்ணு, மிஸ்டர் எல்மர் செத்துகித்துப் போயிட்டாரா?" என்று ஒரு குரல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருக்கிறார், ரொட்டி போடுகிறார் என்றேன். ஏன் சத்தத்தையே காணோம் என்றாள். கடையில் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். "என்னை உள்ளே போடு" என்றாள். போட்டேன்.

"மிஸ்டர் எல்மர், நீங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க வர்ற வரைக்கும் நான் போனை வைக்கறதா இல்லை. ஜார்ஜியாவுலேர்ந்து பேசறேன், பில்லு ஏறிக்கிட்டு இருக்கு."

விக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறை முறைத்தேன், அடங்கினான். மூன்றாவது லைனில் விளக்கு எரிந்தது.

"அம்மா, போனை வைங்க. வீணா காசு போகுது."

"ரேமண்டு அலபாமாவுல காலேஜ் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறான். அங்கயும் தோக்கறான். ஆனா ராத்திரி தூங்கறான். உங்ககிட்ட அதைச் சொல்லச் சொன்னான்."

எல்மர் மூக்கை உறிஞ்சினார். சளியாக இருக்கும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

"அது கெடக்கட்டும்" என்றாள் ஒடெஸ்ஸா. "புதுக் கோச்சு எப்படி?"

"சகிக்கலை."

"பாத்துப் பேசுங்க, மிஸ்டர் எல்மர். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா."

"இருந்தா போன் பண்ணச் சொல்லுங்க" என்றார் எல்மர். "நான் வீட்டுலதான் இருக்கேன்."