காலி மனையின் புகைப்படம், இரண்டு பிரதி

அந்தப் புகைப்படத்தில் இருப்பது வெறும் தரைதான். ஐந்து சென்ட் மண், அதன் பின்னால் வாய்க்கால், வாய்க்கால் கரையில் ஒரு பூவரச மரம். தரையைச் சாணம் போட்டுப் புதிதாக மெழுகியிருக்கிறார்கள். இடது ஓரத்தில் ஒரு முழங்கையும் கொஞ்சம் சேலைத் தலைப்பும் தெரிகின்றன. புகைப்படக்காரர் தள்ளி நிற்கச் சொன்னபோது அந்தப் பெண் தள்ளித்தான் நின்றார், ஆனால் போதுமான அளவு தள்ளவில்லை. மானிய விண்ணப்பத்தின் இணைப்புப் பட்டியலில் பன்னிரண்டாவது இனம் இப்படி இருந்தது: ‘கட்டடம் அமையவுள்ள காலி மனையின் புகைப்படம், இரண்டு பிரதி’. அந்த வரியை டைப் அடித்தவள் நான். அந்த முழங்கை எங்கள் பால்வாடி அக்காவுடையது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. குத்தாலம் கடைத்தெருவில் எங்கள் அத்தாவுக்கு மளிகைக் கடை. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவளை, மாப்பிள்ளை அமைகிறவரை எங்காவது போய்வரட்டும் என்று அத்தா அனுப்பிய வேலை அது. பக்கத்துக் கிராமம் ஒன்றில், அரிசி மில்லின் மாடியில் ஒரே அறை. அதுதான் அந்தச் சேவைச் சங்கத்தின் அலுவலகம். சங்கத்தின் செயலாளர் நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. நிலத்தை விற்றுவிட்டுச் சேவைக்கு வந்தவர் என்று ஊரில் பெயர். உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து விற்றவர் என்று பொல்லாத வாய்கள் சொல்லும். இரண்டுமே உண்மையாக இருக்கும் என்று எனக்குப் படும்.

மானியம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். காலையில் பேப்பர் வந்தால் கொலை, கொள்ளை, கட்சிச் சண்டை எல்லாவற்றையும் தாண்டி, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அரசு அறிவிப்புக்குப் போவார். மாதம் ஒரு முறை தஞ்சாவூர், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சென்னை. எந்தத் திட்டம் வந்தாலும் சங்கம் அதற்குத் தகுந்த வேஷம் கட்டிக்கொள்ளும். முதியோர் கல்விக்கு நிதி வந்த வருஷம் நாங்கள் முதியோருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தோம். புகையில்லா அடுப்புக்கு வந்த வருஷம் அடுப்புப் போட்டோம். மரக்கன்றுக்கு வந்த வருஷம் கன்று நட்டோம், ஆடு மேய்ந்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் துணைவிதியில் சங்கத்தின் நோக்கம் என்று ஒரு வரி சேரும். இருபத்தேழாவது நோக்கத்தை அடித்தபோது, “ஐயா, இதெல்லாம் நம்ம செய்யறோமா?” என்று கேட்டுவிட்டேன். “செய்யறதுக்கு வாய்ப்பு வரணும்லம்மா? எழுதி வச்சாத்தான வரும்” என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை, அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

மானியம் வாங்கும் சங்கங்களின் துணைவிதியில் ஒரு வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. சங்கம் கலைக்கப்பட்டால் அதன் சொத்து எந்தத் தனிநபருக்கும் சேராது, அதே நோக்கங்களை உடைய வேறொரு சங்கத்துக்கே சேரும் என்பது அந்த வாசகம். நியாயமான வாசகம்தான். சேவை என்று சொல்லிச் சேர்த்த சொத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்களுக்குப் போட்ட கடிவாளம். நான்கு கார்பன் வைத்து அழுத்தி அடித்தேன். அந்த ஊர் மிராசுதாரின் மகன் அந்தச் சமயத்தில் புதிதாகச் சங்கம் பதிவு செய்ய ஆசைப்பட்டு, மாதிரிக்கு ஒரு துணைவிதி கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். செயலாளர் பெருந்தன்மையாக, “ஒரு காப்பி குடுத்துடும்மா” என்றார். இருபத்தேழு நோக்கங்களோடும் அந்த வாசகத்தோடும் கார்பன் பிரதி ஒன்று அவர் வீட்டுக்குப் போயிற்று. அதில் சங்கத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

அக்கா எங்கள் பால்வாடியின் ஆயா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதற்கு முன் நடவாள். நடவு நாளில் பெண்கள் பிள்ளைகளை வரப்பு மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்குவார்கள். தவழ்கிற பிள்ளை என்றால் இடுப்பில் கயிறு கட்டி மரத்தோடு முடிந்துவிடுவார்கள். அக்காவின் மூத்த பிள்ளை, கட்டியிருந்த கயிறு அவிழ்ந்ததில், வாய்க்காலுக்குள் போய்விட்டது. கையிலிருந்த நாற்று முடியைக் கீழே போடவும் மறந்து ஓடியதாக ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு எந்த வயலிலும் இறங்காமல், மற்றவர்களின் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டார். எங்கள் சங்கம் வந்து அதற்குப் பால்வாடி என்று பெயர் வைத்தது, அவ்வளவுதான். அக்காவின் கணவருக்கு வலது கை மடங்காது. கூலி உயர்வு கேட்டு வயலில் சிவப்புக் கொடி நட்ட ஓர் அறுவடையில் வாங்கிய அடி அது.

மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டு இருந்தவர்களுக்கு அந்த மனையே சொந்தம் என்று சட்டம் வந்தபோது, அந்தத் தெருவில் முதல் ஆளாகப் பட்டா வாங்கியவர் அக்கா. அதற்குள் குடிசையை இரண்டு முறை பிரித்துப் போட்டார்கள், இரண்டு முறையும் அதே இடத்தில் கட்டினார். மிராசுதார் வீட்டில் அதற்குப் பிறகு அவரை எந்த வேலைக்கும் கூப்பிடவில்லை. பட்டாவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கூரை எரவாணத்தில் செருகி வைத்திருந்தார். மழை பெய்தால் பிள்ளைகளுக்கு முன்னால் அதைத்தான் எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன் என்று சொல்லிச் சிரிப்பார்.

பால்வாடிக் கீற்றுக் கொட்டகையை ஒரு ஐப்பசிப் புயல் கொண்டுபோனது. அதன் பிறகு பிள்ளைகள் மில்லின் உமிக் கொட்டகையில் இருமிக்கொண்டு கிடந்தார்கள். அந்த நேரத்தில்தான் பால்வாடிக் கட்டடத்துக்கு மானியம் என்று அறிவிப்பு வந்தது. மனை சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், சாலையோரம் இருக்க வேண்டும், காலியாக இருக்க வேண்டும். மிராசுதாரைக் கேட்டோம், சிரித்தார். கோயில் நிலத்தைத் தொட முடியாது. புறம்போக்குக்கு மனுப் போட்டால், பதில் வருவதற்குள் பால்வாடிப் பிள்ளைகளுக்குப் பேரன் பிறந்துவிடும். சாலையோரமாக இருந்தது அக்காவின் மனைதான். “பொம்பளைங்க பேசினா நல்லாருக்கும்” என்று செயலாளர் என்னை அனுப்பினார்.

அக்கா எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்டார். “எழுதிக் குடுத்துட்டா நாங்க எங்க பாப்பா இருக்கறது?”

“கட்டடம் வர்ற வரைக்கும் வாய்க்கா கரையில ஒரு கொட்டா போட்டுக்கலாம்க்கா. வந்ததும் பின்னாடி ஆயாவுக்குன்னு ஒரு ரூமு. பிளான்லயே இருக்கு, நான் பாத்தேன்.” நான் பார்த்தது உண்மை.

“கவருமெண்டு பணம் குடுக்கலன்னா?”

“எழுதின எடம் எங்கக்கா போயிடும்? சங்கம்னா நம்மதான?”

இந்தப் பதிலை எந்தச் செயலாளரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். படித்தவள் என்ற திமிரில், விசாரிக்காமல், காப்பிச் சூட்டோடு சொன்னேன். அக்காவின் கணவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா வாய்க்காலைப் பார்த்தபடி, “அப்ப இந்த மாதிரி ஒரு எடம் இருந்திருந்தா” என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்துபோய் எரவாணத்திலிருந்து பையை எடுத்தார்.

அப்படிப் பட்டா வாங்கிய மனையை விற்கத்தான் தடை, தானம் கொடுக்கத் தடை இல்லை என்று பத்திரம் எழுதுபவர் வழி சொன்னார். சார்பதிவாளர் அலுவலகத்தில் மைப்பெட்டியை நீட்டியபோது, “நான் கையெழுத்துப் போடுவேன்” என்றார் அக்கா. எங்கள் முதியோர் கல்வித் திட்டத்தில் கற்றுக்கொண்டது. அந்தத் திட்டத்தில் சங்கம் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக, அழகாகத் தன் பெயரை எழுதி மனையைக் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் கூசுகிறது.

காலி மனை என்று படிவத்தில் இருந்ததால் குடிசையைப் பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டு முறை மிராசுதாரின் ஆட்கள் பிரித்த குடிசையை மூன்றாம் முறை அக்காவும் மடங்காத கையோடு அவர் கணவருமே பிரித்தார்கள். புகைப்படக்காரர் மாயவரத்திலிருந்து வருகிற அன்று காலையில் அக்கா தரையை மெழுகி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். “பெரியவங்க பாக்கற படமாச்சே பாப்பா” என்றார். படம் மூன்று பிரதி வந்தது. செயலாளர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “காலி மனைன்னு எழுதியிருக்கோம், ஓரத்துல ஆள் நிக்குதே. வெட்டிடும்மா” என்றார். ஸ்கேல் வைத்து, பிளேடால், இரண்டு பிரதியின் ஓரத்தையும் நேராக வெட்டினேன். மூன்றாவது பிரதி தேவைப்படவில்லை, என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி நல்லவர். இளநீரைக்கூட வேண்டாம் என்று மறுத்துவிட்டு, மனையைச் சுற்றிப் பார்த்து, பரிந்துரை எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆட்சி மாறியது. அலுவலகச் சுவரில் முதலமைச்சர் படத்தை மாற்றினோம். பழைய படத்தைத் தூக்கிப் போடாமல் புதிய படத்துக்குப் பின்னால் அதே சட்டத்துக்குள் வைத்துக்கொள்வது செயலாளரின் வழக்கம், மறுபடி தேவைப்படலாம். கோப்பு எந்தப் பிரிவுக்குப் போனது என்று கண்டுபிடிக்கவே பல மாதம் ஆயிற்று. கடைசியில், நிதி ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதால் பரிசீலிக்க இயலவில்லை என்று நாலு வரிக் கடிதம் வந்தது. அடுத்த வருஷம் அந்தத் திட்டமே இல்லை. அரசாங்கமே பக்கத்துத் தெருவில் சத்துணவோடு குழந்தைகள் மையம் திறந்தது. பிள்ளைகள் அங்கே போனார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே ஆயா வேலைக்கு அக்கா மனுப் போட்டார். பள்ளிச் சான்றிதழ் இல்லை, வயதும் தாண்டிவிட்டது.

பால்வாடி போன பிறகு சங்கத்தில் உயிர் இல்லை. ஏழு பேர் கூடிக் கலைத்தார்கள். சங்கத்துக்கு இருந்த ஒரே அசையாச் சொத்து அந்த ஐந்து சென்ட். தனிநபருக்குக் கொடுக்கக் கூடாது, அதே நோக்கங்களை உடைய வேறொரு சங்கத்துக்கு. வட்டாரம் முழுவதும் தேடினாலும் எங்கள் இருபத்தேழு நோக்கங்களும் வரிக்கு வரி அப்படியே இருந்த சங்கம் ஒன்றே ஒன்றுதான், மிராசுதார் மகனுடையது. என் கார்பன் பிரதி. அக்கா எந்தக் குடும்பத்திடமிருந்து அந்த மண்ணை வாங்கினாரோ, அந்தக் குடும்பத்துக்கே நான் டைப் அடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தீர்மானத்தையும் நான்தான் அடித்தேன். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தேன்.

மறு வருஷம் செயலாளருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். எல்லோரையும் கூப்பிட்டிருந்தார், அக்காவும் வந்திருந்தார். கலச நீரில் நனைந்து மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த செயலாளர், தனியாக இருந்தால் அக்காவை “வா” என்பவர், அன்று நாலு பேர் முன்னால், “வாங்கம்மா” என்றார். அக்கா நின்றபடியே கேட்டார். “ஐயா, கட்டடந்தான் வரலையே. மனைய எங்க பேருக்கே எழுதிக் குடுத்துடுங்க.”

“அது என் கையில இல்லம்மா. தனி ஆளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. நான் என்ன செய்யறது?” அவர் பொய் சொல்லவில்லை, விதி அப்படித்தான் இருந்தது. ஒரு நூல் சேலையை எடுத்து நீட்டினார். அக்கா அதை வாங்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தார்.

“நீங்கதான பாப்பா சொன்னீங்க, சங்கம்னா நம்மதான்னு?”

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரலில் கேட்டார். நான் தலையைக் குனிந்து இலையைப் பார்த்தேன். பாயசம் ஊற்றிக்கொண்டே போனார்கள். நிமிர்ந்தபோது அக்கா இல்லை.

மிராசுதார் மகனுக்குத் திறமை இருந்தது. ஒரே வருஷத்தில் மகளிர் பயிற்சி மையம் என்று மானியம் வாங்கிக் கட்டடம் எழுப்பிவிட்டார். மனையின் புகைப்படமாக திரும்பி வந்த எங்கள் பழைய கோப்பிலிருந்து நான் வெட்டி வைத்த படத்தையே இணைத்ததாகக் கேள்வி. பிறகு வாய்க்கால் தூர்வாரும்போது கரையில் இருந்த அக்காவின் கொட்டகையை ஆக்கிரமிப்பு என்று எடுத்தார்கள். கணவர் போன பிறகு அக்கா நாகப்பட்டினத்தில் மகள் வீட்டோடு இருந்து அங்கேயே இறந்தார். அத்தா வழியாகச் செய்தி வந்தது. நான் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

போன மாதம் அந்த மையத்திலிருந்து ஒரு பையன் போன் செய்து, வீட்டுக்கும் வந்தான். நல்ல பையன். ஆண்டுவிழா மலர் போடுகிறார்களாம். “மேடம், கட்டடம் வர்றதுக்கு முன்னாடி அந்த எடம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு போட்டோ உங்ககிட்ட இருக்குன்னாங்க.” பெட்டியைத் திறந்து, அந்த மூன்றாவது பிரதியை எடுத்துக் கொடுத்தேன். செல்போனில் படம் பிடித்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

“ஓரத்துல யாரோ நிக்கறாங்க மேடம். பரவால்ல, அத மட்டும் வெட்டிடலாம்.”

அவன் கையிலிருந்து புகைப்படத்தை வாங்கிக்கொண்டேன். செல்போனில் இருப்பதையும் அழிக்கச் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏன் மேடம்?” என்றான்.

“ஏற்கெனவே ரெண்டு பிரதி வெட்டிட்டேன் தம்பி” என்றேன்.