பட்டைக்குள் ஒரு கயிறு

அக்காவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் பயந்துபோய் ஒரே வருடத்தில் உடம்பைக் குறைத்தாள். உடம்பு இளைத்தது; கழுத்துத் தோல் மட்டும் பழைய அளவிலேயே தங்கிவிட்டது. வீட்டிலிருந்தே கேமரா முன்னால் உட்கார்ந்து பார்க்கிற ஆபீஸ் வேலை அவளுக்கு. நாள் முழுக்கத் தன் தொங்குகிற கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பித்துப் பிடிக்காது?

முதலில் மெஷின் வைத்தியம். தோலுக்குள் சூட்டைச் செலுத்தி இறுக்குவார்கள். கத்தி கிடையாது, மறுநாளே வேலை பார்க்கலாம். பலமுறை போய்வந்தாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. டாக்டரம்மா நேர்மையானவர். “லேசான தொய்வுக்குத்தான் மெஷின் கேக்கும். உங்களுக்குத் தோலே அதிகம், வெட்டி எடுத்தாத்தான் உண்டு. ஆனா அதுல ரத்தம் கட்டுற ரிஸ்க் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். அக்கா லிஃப்ட் வருவதற்குள் யோசித்து முடித்துவிட்டாள்.

ஆபரேஷனுக்கு முன் தாலிச் சங்கிலியைக் கழற்றி அத்தானிடம் கொடுத்தாள். கொடுத்த பிறகு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மறுநாள் காலை அவளை மல்லேஸ்வரம் வீட்டில் விட்டுவிட்டு அத்தான் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்விட்டார். கம்பெனி சந்தாபுரா பக்கம். துணைக்கு நான் இருந்தேன். தாடையைச் சுற்றிக் கழுத்துவரை அவளுக்கு இறுக்கமான பட்டை போட்டிருந்தார்கள்.

“வெறுங்கழுத்தா கிடக்கறேன்டி. அவரு வேற அவ்வளவு தூரம் வண்டியில போயிருக்காரு.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா.”

“சரி, நீ போய் கஞ்சியைச் சூடு பண்ணு.”

என் கணவர் தவறிப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இந்த மாதிரி நேரங்களில் என்னை எதற்குச் சமையலறைக்கு அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். கோபமாகத்தான் இருந்தது. வேண்டுமென்றே நெடுநேரம் கஞ்சியைக் கிளறிக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் அவள் குரல் மாறியது. “இறுக்குதுடி” என்றாள்.

“இறுக்கத்தானே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பட்டையின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் கருநீலமாகப் புடைத்திருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சு விசில் மாதிரி வந்தது. டாக்டரம்மாவைப் போனில் பிடித்தேன். “பட்டையை உடனே கழட்டிட்டுக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

கழற்றினால், உள்ளே மஞ்சள் கயிறு. வரலட்சுமி நோன்புக்கு வாங்கியதில் மிஞ்சிய துண்டு. நீளம் போதாமல் கழுத்தை ஒட்டி, மஞ்சள் கிழங்கு வைத்து முடிந்திருக்கிறாள், நான் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த நேரத்தில். இப்போது அது வீங்கிய சதைக்குள் புதைந்து கிடந்தது. முடிச்சு விரலுக்கு அகப்படவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூச்சுக்குத் தவிக்கிறவளுக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ.

“நீ வேண்டாம். அவரு வரட்டும்.”

அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்றது. கையை உதறிவிட்டு அறுத்தேன். வழியெல்லாம் ஆட்டோக்காரரிடம் “பேக ஹோகி அண்ணா, பேக ஹோகி” என்று சீக்கிரம் போகச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டே போனேன். தையலைப் பிரித்துக் கட்டிய ரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

கண் விழித்ததும் கழுத்தைத்தான் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நன்றியில்லை, கோபமும் இல்லை. பயம்.

இப்போது கழுத்து நன்றாக இருக்கிறது. சங்கிலி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அத்தான் வரக் கொஞ்சம் தாமதமானாலும் லிங்கராஜபுரத்தில் என் வீட்டில் போன் அடிக்கும். “இன்னும் வரல” என்பாள். மேற்கொண்டு பேச மாட்டாள், வைக்கவும் மாட்டாள்.

இந்த மூடத்தனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தப் பக்கம் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்வரை நானும் போனை வைப்பதில்லை.