நில் என்று எழுதிய கை

என் கையெழுத்து அழகாக இருக்கும். ஆவடியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் அதற்காக ஒரு சோப்பு டப்பாவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்தக் கையை அம்மிக்கல்லில் வைத்து நசுக்கிவிட்டால் என்ன என்று பிற்பாடு நினைத்த நாள்கள் உண்டு. கோபம் வந்தால் எனக்கு நிதானம் தெரியாது. அடுத்தவர் மேல் வருகிற கோபமாவது திட்டித் தீரும். என் மேலேயே வந்த கோபம் இத்தனை வருஷமாகியும் தீரவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. அப்பாவுக்கு ராணுவத் தளவாட பேக்டரியில் வேலை, எங்களுக்கு பேக்டரி குவார்ட்டர்ஸில் வீடு. நான் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, பூந்தமல்லியில் ஒரு டாக்டரின் கிளினிக்கை ஒட்டியிருந்த சின்ன லேபில் சேர்ந்திருந்தேன். ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு வாஷ்பேசின், நான். டாக்டர்தான் முதலாளி. ரத்தம், மூத்திரம், சளி என்று எது வந்தாலும் நான்தான் பார்ப்பேன். சளி கொண்டு வரச் சொன்னால் பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக்கொண்டு வருவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவதற்கே எனக்குத் தொண்டை வற்றிவிடும்.

ஒருநாள் காலையில் கவுண்டரில் சளி டப்பாவை நீட்டிய கையைப் பார்த்ததும் திக்கென்றது. ஆள்காட்டி விரலில் நுனி இல்லாத கை. பேக்டரியில் மெஷின் ஷாப்பில் விரலை விட்ட பக்கத்து வீட்டு அண்ணன். நிமிர்ந்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னா தங்கச்சி, நீ இங்கயா வேல செய்ற?" என்றார். "பேக்டரி ஆஸ்பத்திரிக்குப் போனா ரெக்கார்டுல ஏத்திடுவானுங்க, ஊரே நாறிடும்னு ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன். வந்து பாத்தா நீ குந்திகினு கீற."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சளியைக் கண்ணாடித் துண்டில் பூசி, சிவப்புச் சாயம் ஊற்றி, கீழே சுடரைக் காட்டி ஆவி வரும்வரை சூடாக்கினேன். பிறகு அமிலத்தில் கழுவினால் மற்ற எல்லாவற்றிலும் சாயம் போய்விடும். டி.பி. கிருமி மட்டும் சிவப்பை விடாது. அதற்கு மேல் நீலச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நீலத்தில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். அண்ணனுடைய சளியில் எங்கே பார்த்தாலும் குச்சி. என் சிரிப்பு அதோடு போய்விட்டது.

ரிப்போர்ட்டில் மூன்று பிளஸ் போட்டேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மூணு செலுவ போட்டுகீற? அவ்ளோதானா நானு?" என்றார். அவர்கள் கத்தோலிக்கர்கள். "ஐயோ அண்ணே, சிலுவை இல்ல, பிளஸ்! கிருமி நிறைய இருக்குன்னு அர்த்தம். மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்" என்றேன். நான் எழுதுவதை இவர்கள் எப்படியெல்லாம் படிக்கக்கூடும் என்ற புத்தி எனக்கு அந்த நிமிஷமே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணி எங்கள் பின்வாசலுக்கு வந்தாள். அண்ணனின் மனைவி, வாய் நிறையப் பேசுகிறவள். அன்றைக்கு வந்த வேகத்தில் ஜெபமாலையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"மாதா மேல சத்தியம் பண்ணு. உங்க ஊட்டுல கூட மூச்சு உடக்கூடாது. அந்த வியாதி பேரையே எங்கிட்ட கூட எடுக்காத. எனக்கு ரெண்டு பொண்ணு கீது, நாளைக்கு எவன் கட்டுவான்?"

சத்தியம் செய்தேன். அதைக் காப்பாற்றியும் தொலைத்தேன்.

டாக்டர் நான்கு வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்று அவர் சொன்னாரா இல்லையா என்பதில் இன்றுவரை தீர்ப்பு இல்லை. சொன்னேன் என்றார் டாக்டர். "ரெண்டு மாசம் சாப்டு, அப்பால சளியப் பாத்துட்டு சொல்றேன்னாரு, அவ்ளோதான்" என்றாள் அண்ணி. டாக்டர் ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரைப் பார்ப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அண்ணி சொல்வதைத்தான் நம்புகிறேன். மாத்திரை அண்ணனை வாட்டி எடுத்தது. குமட்டல், சோறு இறங்காது, மூத்திரம் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் துடிக்கும். பேரையே எடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாளே, கம்மென்று இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அண்ணனின் சளி மறுபடி வந்தது. இடம் இடமாக நகர்த்திப் பார்த்தேன். ஒரு குச்சி இல்லை. இன்னொரு ஸ்லைடு போட்டுப் பார்த்தேன், அதிலும் இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பரிசு வாங்கிய கையெழுத்தில், கொட்டை எழுத்தில், என், ஐ, எல் என்று எழுதினேன். இங்கிலீஷில் நில் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். எல்லா லேபிலும் அப்படித்தான் எழுதுவோம். ரிப்போர்ட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்த நேரம் பார்த்து அண்ணி வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். டாக்டரும் அப்போது கிளினிக்கில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டிலிருந்து ஒரு தட்டு நிறையக் கேசரி வந்தது. முந்திரிப் பருப்பும் நெய்யுமாக மணத்தது. "என்ன விசேஷம்?" என்று அம்மா கேட்டாள். "பொண்ணுங்க பரீட்சையில நல்ல மார்க்காம்" என்று நானே ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். எதற்கான கேசரி என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற பெருமையோடு, அம்மாவின் பங்கையும் சேர்த்துத் தின்றேன். உண்மையில் எதற்கான கேசரி என்று எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. விடிகிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்க ஆரம்பித்தது. குவார்ட்டர்ஸ் சுவர் எத்தனை மெல்லியது என்று அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும், அடுத்த வீட்டில் தாளிப்பது கூடக் கேட்கும். மழை இருமல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் போனது. ஒருநாள் காலையில் அண்ணன் பின்பக்கக் குழாயடியில் துண்டை அலசிக்கொண்டிருந்தார், தண்ணீர் சிவப்பாக ஓடியது. சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்று அவர்கள் வீட்டுக்குள் போய் நின்றேன்.

"அண்ணே, ஆறு மாசமும் மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"இன்னா ஆறு மாசம்? நீதானே தங்கச்சி நிறுத்தச் சொன்ன?"

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

அண்ணி பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். எட்டாவதுவரை படித்தவள், இங்கிலீஷ் எழுத்தெல்லாம் கூட்டிப் படிப்பாள். என் கொட்டை எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"தோ, நீயே எழுதிகீறியே. என், ஐ, எல். நில். போதும், நில்லுன்னு. அதான் அன்னிக்கே நிறுத்திட்டோம்."

அந்த மூன்று எழுத்தையும் தமிழாகப் படித்துப் பார்த்தேன். நில் என்றால் நிற்கச் சொல்வது. தமிழ் தெரிந்த எந்த மனுஷியும் அப்படித்தானே படிப்பாள்? குடலைப் புரட்டுகிற மாத்திரையை எப்போதடா விடலாம் என்று காத்திருக்கிற வீட்டில், ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்று நில் என்று உத்தரவு போட்டால் யார்தான் நிற்க மாட்டார்கள்? இதெல்லாம் இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு நான் சொன்னது வேறு.

"அறிவில்ல உங்களுக்கு?" என்று கத்தினேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டா வாய் முத்து உதிர்ந்துடுமா? டி.பி. மாத்திரையைப் பாதியில நிறுத்துவாங்களா? படிக்காத ஜென்மம்னு நிரூபிச்சிட்டீங்களே!" அண்ணன் என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு நின்றார். அண்ணி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். சாத்தி என்ன பிரயோஜனம், அந்தச் சுவருக்கு ஜன்னல் வேறு வேண்டுமா?

மறுநாளே குவார்ட்டர்ஸ் வேலையைக் காட்டியது. குழாயடியில் அண்ணியின் குடத்தை ஒதுக்கி வைத்தார்கள். அந்த இரண்டு பெண்களோடு எந்தப் பிள்ளையும் விளையாடப் போகவில்லை. மாதா படத்துக்கு முன்னால் வருஷா வருஷம் அவர்கள் வீட்டில் கேக் வாங்கித் தின்ற அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். என் அம்மா, திருப்பித் தராமல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட கேசரித் தட்டை வெந்நீரில் போட்டுத் தேய்த்தாள், ஏழெட்டு மாதம் கழித்து! அந்தத் தட்டைப் பிடுங்கி முற்றத்தில் விசிறி அடித்தேன். ஊரைத் திட்டினேன். ஊருக்குச் சொன்னதே என் வாய்தான் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நில்லா! பிரமாதம் போ!" என்று போனை எடுத்து இன்னொரு டாக்டரிடம் அதை ஜோக்காகச் சொன்னார். வராத நோயாளியைத் தேடுகிற வழக்கம் எங்கள் கிளினிக்கில் கிடையாது என்பதை அவர் யாரிடமும் ஜோக்காகச் சொல்லவில்லை. பழைய மாத்திரைகளோடு ஒரே ஒரு ஊசியைச் சேர்த்து எழுதினார். கட்டிலுக்கு மருந்தடிக்கிறோம், மூட்டைப்பூச்சி கொஞ்சம் சாகிறது, பாதியில் விட்டால் தாக்குப்பிடித்ததெல்லாம் பெருகுகிறது. அப்புறம் அதே மருந்து அதற்கு உறைக்காது. இது குவார்ட்டர்ஸில் கட்டில் வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். இவருக்கு எப்படித் தெரியாமல் போனது? சளியைப் பட்டணத்தில் பெரிய லேபுக்கு அனுப்புங்கள், எந்த மருந்துக்கு அது சாகும் என்று வளர்த்துப் பார்க்கட்டும் என்று சண்டை போட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கிருமி மெதுவாக வளர்கிற ஜாதி, முடிவு வர இரண்டு மாதம் ஆனது. முக்கியமான இரண்டு மாத்திரைக்கும் அது அசையவில்லை என்று வந்தது.

அந்த வாரமே பூந்தமல்லி கடைத்தெருவில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினேன். "கிருமி தெரியவில்லை. ஆனாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். டாக்டரைப் பாருங்கள்." சளி ரிப்போர்ட் ஒவ்வொன்றிலும் குத்தினேன். டாக்டர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது லேப் ரிப்போர்ட்டா, கல்யாணப் பத்திரிகையா? தமிழ்ல அடிச்சா எவன் மதிப்பான்?" என்று ஸ்டாம்பைக் குப்பைக்கூடையில் போட்டார். அவர் கண் முன்னாலேயே குனிந்து எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன். "மதிக்க வேணாம் சார், படிச்சாப் போதும்" என்றேன். அந்த மாதத்தோடு வேலை போயிற்று. ஸ்டாம்ப் என்னோடு வந்தது, அம்பத்தூரில் அடுத்து வேலை பார்த்த லேபில் அதன் எழுத்து தேய்கிறவரை குத்தினேன்.

அண்ணனைக் கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்றரை வருஷம் வைத்தியம், அதில் மாதக்கணக்கில் தினமும் ஊசி. கிருமி செத்தது. அந்த ஊசி காதையும் கொண்டுபோய்விட்டது. முதலில் கோயில் மணி கேட்கவில்லை என்றார், பிறகு பெண்கள் கூப்பிடுவது கேட்கவில்லை என்றார், பிறகு எதுவுமே கேட்கவில்லை. மெஷின் ஷாப்பில் காது கேட்காதவரை வைத்துக்கொள்ள மாட்டார்கள். வேலையை விட்டார், குவார்ட்டர்ஸையும் காலி செய்தார்கள். சாமான் ஏற்றிய வண்டி போகும்போது நான் வெளியே வரவில்லை.

வெளியே வர எனக்கு ஆறேழு வருஷம் பிடித்தது. காட்டுப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒருநாள் போனேன். அண்ணி கட்டிப்பிடித்துக்கொண்டாள். பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். அண்ணன் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நின்று, எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "மன்னிச்சிடுங்கண்ணே. உங்களைப் படிக்காத ஜென்மம்னு சொன்னேன். தப்பு என்னுது. புரியற மாதிரி எழுதத் தெரியாதவ நான்தான்."

அவர் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். அந்த வீட்டில் அவரோடு பேசுகிறவர்கள் அதில்தான் எழுத வேண்டும். வாங்கினேன். யோசிக்காமல் எழுத ஆரம்பித்தேன். எஸ், ஓ, ஆர்.

விரல் நுனி இல்லாத கை நோட்டின் மேல் வந்து விழுந்தது. காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில், பின்கட்டிலிருந்த அண்ணிக்கும் கேட்கும்படி அண்ணன் சொன்னார்:

"தமிள்ல எழுது தங்கச்சி. உன் இங்கிலீஷு எனக்கு ஒத்துக்கல."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன்.