மெழுகில் முக்கிய நூலும் நாலு புறாக்களும்

நீல மேசைவிரிப்பில், வாயில் ஒலிவ் இலையோடு நாலு வெள்ளைப் புறாக்கள். தைத்து முடித்துத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். கண்காட்சிச் சுவரில் தொங்கத் தகுதியில்லாத துணியைத் தைத்தவள், அடுத்த தவணை முழுவதும் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து கைக்குட்டைக்கு ஓரம் தைக்க வேண்டும். அது எங்கள் கொன்வென்ட் தையல் சிஸ்டரின் சட்டம். என் நூலிலோ இரண்டு தையலுக்கு ஒரு முடிச்சு விழுந்துகொண்டிருந்தது. அடிக்கடி ஊசி கோர்க்கப் பொறுமையில்லாமல் ஆள் நீளத்துக்கு வெட்டியிருந்தேன்.

“முழங்கை நீளம் வெட்டடி. மெழுகில ஒருக்கா இழு, வழுக்கிக்கொண்டு போகும்,” என்றாள் வகுப்பில் பக்கத்தில் இருக்கும் கொட்டாஞ்சேனைத் தோழி. மறுநாளே மாதா கோயில் மெழுகுதிரித் துண்டொன்றைக் கொண்டுவந்தாள். அசல் தேன்மெழுகு.

ஒருமுறை இழுத்தாலே வழுக்குமென்றால், முழுக்க முக்கினால்? ஞாயிறு காலை வெள்ளவத்தை வீட்டுக் குசினி அடுப்பில் மெழுகை உருக்கி, இருந்த வெள்ளை நூல் அவ்வளவையும் உள்ளே விட்டேன். எடுத்து ஆறவிட்டால் ஈர்க்குக்கட்டு!

அம்மா எட்டிப் பார்த்தார். “என்ன பிள்ளை, விளக்குமாறு கட்டுறியோ?”

“நூல் பதப்படுத்துறன் அம்மா.”

“ஓம், தெரியுது.”

துணியில் மெழுகு சிந்தினால் கடதாசி வைத்து ஸ்திரிக்கை போடுவார்களே! ஓடிப்போய் அப்பா வாசித்து முடித்த பேப்பரை எடுத்து, நடுவே நூலை வைத்துத் தேய்த்தேன். மிச்ச மெழுகைப் பேப்பர் குடித்தது. நூல் பட்டாக வந்தது. பேப்பரின் மையும் கூடவே வந்தது. ஞாயிறு, கடைகள் பூட்டு. சாம்பல் நிற நூலாலேயே தைத்தேன். என்ன ஒரு வழுக்கல்!

திங்கட்கிழமை சிஸ்டர் துணியைத் தூக்கிப் பிடித்தார்.

“இது என்ன பறவை?”

“காகம், சிஸ்டர்,” என்று முந்திக்கொண்டாள் கொட்டாஞ்சேனைக்காரி. வகுப்பே சிரித்தது.

“ஓம் சிஸ்டர், கொழும்புக் காகம்,” என்றேன் நானும்.

“காகத்தின்ர வாயில ஒலிவ் இலையோ?”

“கறிவேப்பிலை, சிஸ்டர். எங்கட குசினியில களவெடுத்தது.”

சிஸ்டர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். துணியைப் புரட்டிப் பின்பக்கத்தை விரலால் தடவினார். சாம்பல் நூல் ஓடிய இடத்தில் ஒரு முடிச்சும் அகப்படவில்லை.

“தையல் நல்லம். சுவரில தொங்கவிடு. ஆனால் கதவுக்குப் பின்னால. கண்காட்சிக்குப் பிஷப் வந்தால் என்னையெல்லோ கேள்வி கேட்பார்.”