மெயிலில் காணாமல் போன சிவப்புக் கோடு

திருவெறும்பூரில் இரும்புத் தொட்டி செய்யும் சின்ன கம்பெனியில் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். மாறிய அளவை நாங்கள் அழிக்க மாட்டோம். சிவப்புக் கோட்டால் அடித்து, பக்கத்திலேயே புதியதை எழுதுவோம். அதே பழக்கத்தில் ஒரு மாலை, ஷெட் சூப்பர்வைசர் செல்வத்துக்கு மெயில் அனுப்பினேன். தகடு மெலிது என்பதால், தொட்டியின் காற்றழுத்தச் சோதனைக்கு ‘6 கிலோ’ அழுத்தம் என்றிருந்ததை அடித்துவிட்டு ‘2 கிலோ’ என்று போட்டிருந்தேன்.

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்திலிருந்து வேலைக்குப் போகும் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் செல்வம் போன் செய்தார்.

“மேடம், ஆறு வரைக்கும் ஏத்திட்டு, ரெண்டுக்கு இறக்கித்தானே லீக் பார்க்கணும்? இப்பவே நாலு தாண்டிடுச்சுங்க.”

“ஆறை அடிச்சிருக்கேனே, செல்வம்.”

“அடிச்ச மாதிரி ஒண்ணும் தெரியலீங்களே. ரெண்டு அளவும் இருக்கு.”

“நிறுத்துங்க. எல்லாரையும் வெளியே போகச் சொல்லுங்க” என்றேன். காற்றேற்றும் கம்ப்ரஸரின் சத்தம் மட்டும் கேட்டது. தொட்டியை ஒட்டித்தான் ஆட்கள் நிற்பார்கள். பஸ் பாலத்தைத் தாண்டும்போதுதான் சத்தம் நின்றது. “நிறுத்தியாச்சுங்க” என்றார் செல்வம், மூச்சு வாங்க.

ஷெட்டில் இருக்கும் பழைய மெயில் புரோகிராம் வெறும் எழுத்தைத்தான் காட்டுமாம். கோடும் நிறமும் அதில் வராது.

இப்போது பழைய அளவை மெயிலில் வைப்பதே இல்லை. புதியதை மட்டும் எழுதி அனுப்பி, போனில் செல்வத்தைப் படிக்கச் சொல்கிறேன். அவர் படித்து முடிக்கும்வரை, பின்னால் கம்ப்ரஸர் ஓடுகிறதா என்றுதான் என் காது தேடும்.

– மீனா, ஸ்ரீரங்கம்