குடுவைக்குள் அத்தான்

ஒரு பிளாஸ்டிக் குடுவையிடம் தமிழில் சுகம் விசாரித்த மடையன் நான். அதுவும் ஒருநாள் இரண்டுநாள் அல்ல, ஒரு பனிக்காலம் முழுவதும். லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில், உள்ளங்கை அளவான அந்தக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என்ன அத்தான், நித்திரை கொண்டியளோ?" என்று கேட்பேன். பக்கத்து மேசை ஐரிஷ்காரி முதலில் பயந்தாள். பிறகு பழகிப்போய் அவளும் "குட்மோர்னிங் அத்தான்" சொல்லத் தொடங்கினாள்.

குடுவைக்குள் இருந்தவை உண்மையிலேயே அத்தானுடைய செல்கள்தாம். அத்தான் என்றால் அக்காவின் கணவர். மூட்டுவாதத்தால் வீங்கி வளைந்த அவருடைய வலக்கை விரல் மூட்டுகளில் எண்பதுகளின் நடுவில் சத்திரசிகிச்சை நடந்தது. வெட்டியெடுத்த மூட்டுச் சவ்வை ஆராய்ச்சிக்குக் கொடுக்க அவரே சம்மதித்தார். அதிலிருந்த இணைப்புத்திசுச் செல்களை வளர்த்து, மருந்து விட்டு, அவை என்னென்ன சுரக்கின்றன என்று அளப்பது என் வேலை.

ஊரில் கரம்போர்ட் விளையாட்டில் அத்தானை அடிக்க ஆளில்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகும் வலக்கைச் சுட்டுவிரல் நிமிரவில்லை. இடக்கைப் பெருவிரலால் ஸ்ட்ரைக்கரைத் தள்ளி விளையாடுவார். அப்போதும் நான்தான் தோற்றேன். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் அக்காவும் இதை வாசிப்பார். அத்தானுக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: இன்னும் ஒரே ஒருதரம் வலக்கையால் சுண்டிச் சிவப்புக் காயை விழுத்த வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிய ஹரோவில் இருந்த அக்கா வீட்டுக்கு ரயிலேறுவேன். சப்பாத்தைக் கழற்ற முன்னரே கேள்வி வரும். "என்ர பிள்ளையள் எப்பிடி? ஒழுங்கா இருக்கினமோ?" நான் வகுப்பு வாத்தியார் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். "குழப்படி குறைவு அத்தான். இந்த மருந்துக்கு நல்லா அடங்கீட்டினம்." குசினிக்குள்ளிருந்து அக்கா, "தகப்பன் மட்டும் அடங்கேல்லை" என்பார்.

அந்த மருந்தில் ஒரு சிக்கல். நோய்ப்பட்ட செல்கள் குருத்தெலும்பை அரிக்கும் நொதியைச் சுரக்கும். கூடவே, மூட்டு வழுக்கி அசைய உதவும் வழுவழுப்பான பொருளையும் சுரக்கும். கரம் பலகைக்குப் பவுடர் எப்படியோ, மூட்டுக்கு அது. மருந்து இரண்டையும் சேர்த்துக் குறைத்தது. இதை நான் விளக்கியபோது அத்தான் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லவனையும் கெட்டவனையும் சேர்த்து வீட்டுக்குள்ளை அடைச்சால் அது மருந்தில்லை மச்சான், ஊரடங்கு. அதை நாங்கள் யாழ்ப்பாணத்திலையே பாத்திட்டம்" என்றார். நான் சிரித்து முடிப்பதற்குள் ஆட்டத்தை முடித்துவிட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருடைய இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, பரிசோதிக்கப் புதிய மருந்து ஒன்று வந்திருந்தது. உறையவைத்திருந்த அத்தானின் செல்களை இளக்கி வளர்த்தேன். நுண்நோக்கியில் பார்த்தால், சீப்பால் வாரிவிட்ட தலைமயிர்போல ஒரே பக்கம் சாய்ந்து படுத்திருந்தன. ஆள் இல்லை, அவை இருந்தன. அன்று நான் சுகம் விசாரிக்கவில்லை.

மருந்து விட்டு அளந்தபோது, அரிக்கும் நொதி குறைந்திருந்தது, வழுவழுப்பு அப்படியே இருந்தது. குடுவையில் நடப்பதெல்லாம் கையில் நடந்துவிடாது, அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. ரயிலேறினேன். ஹரோவில் கதவு திறந்து மூடியது, நான் எழும்பவில்லை. கடைசி நிலையம்வரை போய்விட்டுத் திரும்பினேன்.

இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் அக்காவோடு கரம். ஆய்வுகூடத்திலிருந்து நான் கொண்டுவந்த பாவிக்காத குடுவை ஒன்றில் அவர் பவுடர் போட்டு வைத்திருக்கிறார். போன கிழமை பழக்கதோஷத்தில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அந்தப் புதிய மருந்தைப் பற்றி அப்போதுதான் முதன்முதலாக அக்காவிடம் வாய் திறந்தேன். "அது கிடைச்சிருந்தால் அத்தான் வலக்கையாலை சிவப்பை விழுத்தியிருப்பார், என்னக்கா?"

அக்கா குடுவையை என் கையிலிருந்து வாங்கிப் பவுடரைப் பலகையில் தட்டினார்.

"இடக்கையாலையே உன்னை வெண்டவர்தானே."