விதானத்தில் பூசிய பிசின்

திண்டுக்கல் முத்தழகுபட்டியில் ஜெரோம் என்று விசாரித்தால், "யாரு, இத்தாலிக்குப் போய்ட்டு வந்தவரா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் நிறையப் பேர் உண்டு. எல்லாரும் கொத்து வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் துபாய், குவைத் என்று போனவர்கள். படிப்பு விஷயமாக, அதுவும் போப்பாண்டவர் இருக்கிற தேசத்துக்கு, ஒரு பெருமாள் கோவில் காரியமாகப் போய் வந்தவர் ஜெரோம் ஒருத்தர்தான். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் "ஆமா" என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடையைக் கட்டிவிடுவார்.

ஜெரோம் வேதியியலில் எம்.எஸ்சி. படித்தவர். படித்து முடித்ததும் பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கழிவுநீரைச் சோதிக்கிற வேலை கிடைத்தது. வழக்கு வந்து ஷாப்பை மூடச் சொன்னதும் வேலை போயிற்று. அம்மா செபஸ்தியம்மாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைத்துக் கொண்டுவருவதுதான் வருமானம். அந்த நேரத்தில்தான் கல்லூரியில் அவருக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் கூப்பிட்டு விட்டார். சாரத்தில் ஏறி மல்லாந்து படுத்து வேலை செய்யச் சங்கடப்படாத ஒரு வேதியியல்காரன் வேண்டும் என்றார். ஜெரோம் என்ன ஏது என்று கேட்காமலே சரி என்றார். அது தொண்ணூற்றாறாம் வருஷம்.

நிலக்கோட்டைக்குத் தெற்கே, மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவில் வெங்கமநாயக்கனூர் என்று ஓர் ஊர். அங்கே உள்ள பெருமாள் கோவிலின் முன்மண்டபத்து விதானம் முழுக்க நாயக்கர் காலத்து ஓவியம் என்று சொல்வார்கள். கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. தலைமுறை தலைமுறையாக விளக்குப் புகையும் மடப்பள்ளிப் புகையும் ஏறி, விதானம் அடுப்படிச் சுவர் மாதிரிக் கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்புக்குள் என்ன இருக்கிறது, அதை எப்படிக் காப்பாற்றலாம் என்று ஆராய்வதற்கு இத்தாலியில் ஒரு பல்கலைக்கழகமும் சென்னையில் ஓர் ஆய்வு நிலையமும் ஒப்பந்தம் போட்டிருந்தன. இத்தாலியிலிருந்து வந்த விஞ்ஞானியின் பெயர் லூச்சியா. ஐம்பதை நெருங்கியவர். பெட்டி பெட்டியாகக் கருவிகளோடு வந்து இறங்கிய அன்றைக்கே செருப்பைக் கோவில் வாசலில் கழற்றிப் போட்டவர், வேலை நடந்த காலமெல்லாம் அந்த மண்டபத்துக்குள் வெறுங்காலோடுதான் நடந்தார்.

ஆரம்பத்தில் ஊரில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. வெள்ளைக்காரம்மா ஏறுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். திண்டுக்கல்லிலிருந்து ஒரு வேதக்காரன் பெருமாள் தலைக்கு மேலே ஏறிப் படுப்பதா என்று சிலர் கேட்டார்கள். கோவில் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பொம்மையன்தான் அதை அமர்த்தினார். "ஆஸ்பத்திரியில ஊசி போடறவன் என்ன சாமி கும்புடறான்னு கேட்டா போட்டுக்கிறீங்க? போய் வேலையப் பாருங்கப்பா" என்றார்.

வேலை என்பது பஞ்சும் பொறுமையும்தான். லூச்சியா கலந்து கொடுக்கிற மருந்தில் பஞ்சை நனைத்து, மெல்லிய தாளை விதானத்தில் ஒட்டி, அதன்மேல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு எடுக்க ஒரு பொழுது போய்விடும். கழுத்து மரத்துப்போகும். வௌவால் எச்சத்தின் நெடி சோற்றில்கூட அடிப்பதுபோல இருக்கும். ஆனாலும் முதல்முதலாக ஒரு சிவப்பு தெரிந்த அன்று ஜெரோமுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தாளை உரித்தபோது, புகைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் முழங்கையும் அதில் அடுக்கிய வளையல்களும் வெளியே வந்தன. இரண்டு வருஷத்தில் விதானத்தின் பெரும்பகுதி தெளிந்துவிட்டது. ராமர் பட்டாபிஷேகம், அதைப் பார்க்கத் தெரு நிறைய ஜனம், யானை, பூக்கூடை சுமந்த பெண்கள், ஓரத்தில் சண்டை போடும் இரண்டு ஆட்டுக்கடா.

ஊரே வந்து அண்ணாந்து பார்த்தது. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் பேச்சாயி, காலையில் பூப்பறித்துவிட்டுக் கோவிலுக்கு வருகிறவள். அவள் சாரத்துக்கடியில் நின்று வெகுநேரம் பார்த்தாள். "எங்கப்பன் காலத்துல இருந்து இதுக்குக் கீழதான் பெருக்குறோம். இம்புட்டுச் சனம் மேல நிக்கிறது தெரியாமப் போச்சே தம்பி" என்றாள். ஜெரோம் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு வருஷம்தான்.

சுத்தம் செய்தாயிற்று. இனிமேல் வண்ணம் உதிராமல் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்குத் தகுந்த பிசின் எது என்று பார்க்கத்தான் ஜெரோமை இத்தாலிக்கு வரவழைத்தார்கள். செபஸ்தியம்மாள் ஊறுகாயும் கம்பளியும் கட்டிக் கொடுத்து, செபஸ்தியார் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அனுப்பினாள். அங்கே லூச்சியாவின் ஆய்வுக்கூடத்தில், நம் ஊர்ச் சுண்ணாம்பையும் மணலையும் வைத்தே சின்னச் சின்னப் பலகைகள் செய்து, அவற்றில் வண்ணம் தீட்டி, பிசின் பூசி, சூட்டிலும் ஈரத்திலும் மாற்றி மாற்றி வைத்தார்கள். திண்டுக்கல் வெயிலையும் ஐப்பசி மழையையும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் உண்டாக்கிப் பார்த்தார்கள் என்று சொல்லலாம். ஒரே ஒரு பிசின்தான் எல்லாவற்றையும் தாங்கி நின்றது. ஐரோப்பாவில் பல இடங்களில் அதைத்தான் பூசியிருந்தார்கள்.

லூச்சியா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மண்டபத்தின் மேல்தளமான மட்டப்பா ஒழுகுகிறது; முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மேலேயிருந்து தண்ணீர் இறங்கினால் அதோடு உப்பும் இறங்கும். பிசின் மேற்பரப்பை அடைத்துவிட்டால் அந்த ஈரத்துக்கு வெளியே போக வழியிருக்காது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். சென்னைக்காரர்களும் எழுதினார்கள், பொம்மையனும் நடையாக நடந்தார். மட்டப்பாவைத் தொடும் அதிகாரம் வேறொரு அலுவலகத்தில் இருந்தது. அவர்கள் வந்து பார்த்தார்கள், அளந்தார்கள், அடுத்த வருஷம் என்றார்கள்.

அதற்குள் ஒப்பந்தம் முடிகிற வருஷம் வந்துவிட்டது. பிசின் பூசாமல் விட்டால் காற்றுக்கும் வௌவாலுக்கும் வண்ணம் பொடிப்பொடியாக உதிரும். பூசிவிட்டு மட்டப்பா சரியாகும் என்று நம்பலாம். மண்டபத்து நிழலில் பாய் விரித்து உட்கார்ந்து எல்லாரும் ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். நாலு வருஷமாக மழை குறைச்சல், அடுத்த பெருமழைக்குள் கூரை வேலை முடிந்துவிடும் என்றார் சென்னை நிலையத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர். ஜெரோமையும் கேட்டார்கள். அவரும் பூசலாம் என்றே சொன்னார். இவ்வளவையும் புகைக்குள்ளிருந்து எடுத்துவிட்டுக் கண் முன்னே உதிர விட அவருக்கு மனசு வரவில்லை. கடைசியில் லூச்சியா ஒப்புக்கொண்டார்.

இரண்டாயிரத்தில் பூசி முடித்தார்கள். பிரஷ்ஷைப் பிடித்தது பெரும்பாலும் ஜெரோம்தான். பூசப் பூச வண்ணங்கள் நேற்றுத் தீட்டியதுபோல ஆழ்ந்து மின்னின. மேளதாளத்தோடு விழா நடந்தது. தூதரகத்திலிருந்துகூட ஒருத்தர் வந்து மல்லிகை மாலையோடு போட்டோ எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஜெரோமுக்குச் சம்பளம் இல்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி வெங்கமநாயக்கனூர் போய், டார்ச் அடித்து விதானத்தைப் பார்த்துவிட்டு வருவார். கல்யாணப் பேச்சு வந்த வீடுகளில், ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் தங்காத மாப்பிள்ளை எதற்கு என்றார்கள். செபஸ்தியம்மாள் அழுது பார்த்தாள். கோவில் வேலைக்கு இரண்டாம் கட்டத் திட்டம் வருகிறது, அது வந்ததும் நிரந்தர வேலை என்று அவளைச் சமாதானப்படுத்துவார். மட்டப்பா அப்படியே கிடந்தது. மழை இல்லாததால் ஒழுகவும் இல்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் ஐப்பசி பிறந்ததும் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. வைகையில் வெள்ளம். பஸ் ஓடத் தொடங்கிய முதல் ஞாயிறு ஜெரோம் போனார். விதானத்தில் அங்கங்கே அம்மைக் கொப்புளம்போல உப்பியிருந்தது. விரலால் தொட்டார். உள்ளே தண்ணீர்.

தை மாதம் வெயில் அடிக்க ஆரம்பித்தது. ஈரம் காயக் காய, பிசின் சுருண்டது. சுருண்டது சும்மா சுருளவில்லை, தன்னோடு வண்ணத்தையும் பிய்த்துக்கொண்டு சுருண்டது. அந்த ஞாயிறு பேச்சாயி வாசலிலேயே காத்திருந்தாள். கையில் ஒரு சுளகு. அதில் கருவாட்டுச் செதில் மாதிரி சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தன.

"தெனமும் விழுது தம்பி. வெளக்குமாத்துல கூட்டித் தள்ள மனசு வரல. பொறுக்கி வச்சிருக்கேன். மறுபடி ஒட்டிறலாம்ல?"

ஜெரோம் ஒரு செதிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. மறுபக்கம் சுண்ணாம்பும் வெள்ளை உப்பும். "ஒட்ட முடியாதுக்கா" என்றார். அவள் நம்பவில்லை. அம்புட்டையும் ஒட்ட வேண்டாம், முகங்களையாவது ஒட்டக் கூடாதா என்று கேட்டாள். அவரால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

அன்றைக்கே நிலக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து லூச்சியாவுக்கு எல்லாவற்றையும் எழுதினார். அவர் தன் சொந்தச் செலவில் சித்திரையில் வந்தார். மண்டபத்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தவர், தூணைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு இருவரும் சாரம் கட்டி ஏறி, மிச்சம் இருக்கும் பிசினையாவது கரைத்து எடுக்க முடியுமா என்று ஒரு மூலையில் முயன்று பார்த்தார்கள். பஞ்சில் பிசினும் வந்தது, அதோடு யானையின் காதும் வந்தது. லூச்சியா பஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

சாரத்தின் மேலேயே உட்கார்ந்து அவர் மெதுவாகச் சொன்னார்: "நாம் வராமலே இருந்திருந்தால், ஜெரோம், அந்தப் புகைக்குள் அவர்கள் இன்னும் முந்நூறு வருஷம் இருந்திருப்பார்கள்."

கூரையைப் பழிக்கலாம், கையெழுத்துப் போடாத அலுவலகத்தைப் பழிக்கலாம், மழையைக்கூடப் பழிக்கலாம். ஆனால் பிரஷ்ஷைப் பிடித்தது ஜெரோமுடைய கைதான். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லூச்சியா ஊருக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் ஒரு கட்டுரையாக எழுதினார். ஜெரோம் பெயரையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். இவர் சரி என்றார். அதைப் படித்துவிட்டு வேறு ஏதோ ஒரு நாட்டில், ஈரமான சுவரில் அந்தப் பிசின் பூசுவதை நிறுத்திவிட்டதாக லூச்சியா ஒரு முறை எழுதியிருந்தார். நல்ல செய்திதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு பேச்சாயிக்கு என்ன சொல்வது? இரண்டாம் கட்டத் திட்டம் வரவே இல்லை. சென்னை நிலையத்தில் ஆட்கள் மாறிவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் இந்தக் கோவில் பேரைக் கேட்டாலே பேச்சை மாற்றினார்கள்.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு நாள் பொம்மையன் முத்தழகுபட்டிக்கே தேடிக்கொண்டு வந்துவிட்டார். தளர்ந்துபோயிருந்தார். செபஸ்தியம்மாள் கொடுத்த காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"கும்பாபிஷேகம் வச்சிருக்கோம் தம்பி" என்றார் கடைசியில். "மட்டப்பாவை ஊருல காசு போட்டு நாங்களே சரி பண்ணிட்டோம். விதானந்தான்... சீக்கு வந்த தோல் மாதிரி தொங்குது. வார சனம் அண்ணாந்து பாக்க மாட்டேங்குது. வெள்ளையடிச்சுப் புதுசா எழுதிறலாம்னு ஊர் முடிவு பண்ணிருச்சு."

ஜெரோம் தலையாட்டினார். கூரை ஒழுகல் நின்றுவிட்டது என்பது அவருக்கு இரண்டாவது தடவை நினைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் செய்ய முடியாமல் போனதை ஊர் ஒரே கோடையில் செய்துவிட்டிருந்தது.

பொம்மையன் இன்னும் எழுந்திருக்கவில்லை. "இன்னொன்னு. சுண்ணாம்பு அதுமேல நிக்க மாட்டேங்குது தம்பி. வழுக்கி வழுக்கி விழுது. கம்பி பிரஷ் போட்டுச் சொரண்டலாம்ங்கிறான் காண்ட்ராக்டர். நீங்க பூசுனது, எடுக்கவும் உங்களுக்குத்தான் தெரியும்."

செபஸ்தியம்மாள் மகன் முகத்தைப் பார்த்தாள். போக மாட்டேன் என்று சொல்லிவிடுவான் என்றே நினைத்தாள். ஜெரோம் அன்றைக்கே சாயப்பட்டறையில் லீவு சொல்லிவிட்டுப் போனார். கம்பி பிரஷ் வேண்டாம் என்றார். மருந்தைத் தானே வாங்கிக் கலந்து, சாரத்தில் மல்லாந்து படுத்து, விதானம் முழுவதையும் பஞ்சால் துடைத்து எடுத்தார். கூட வேலை செய்ய வந்தவர்களை மேலே ஏற விடவில்லை. ஜனம், யானை, பட்டாபிஷேகம், மிஞ்சியிருந்த முகங்கள் எல்லாம் பஞ்சில் கரைந்து வந்தன. வேலை முடியும்வரை பேச்சாயி கோவில் பக்கம் தலைகாட்டவில்லை. தோட்டத்தில் பூ அதிகம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

கும்பாபிஷேகத்துக்கு அழைப்பு வந்தது. ஜெரோம் போகவில்லை. அதற்குப் பிறகு நிலக்கோட்டைப் பக்கம் போகிற தேவை வந்தாலும், வேறு யாரையாவது அனுப்பிவிடுவார். புதிதாக எழுதிய விதானம் நன்றாக இருப்பதாக, பட்டறைக்கு வேலைக்கு வந்த அந்த ஊர்ப் பையன் ஒருத்தன் சொன்னான். எனாமல் பெயிண்டாம், அப்படியே பளபளவென்று இருக்கிறதாம். ஜெரோம் கேட்டுக்கொண்டு, குடுவையிலிருந்த சாயத்தண்ணீரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதன் நிறத்தை எழுதிவைக்க வேண்டியிருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுதவில்லை.